மூன்று தண்ணீர் கழுவிய கொத்தமல்லி

சரக்குப் பெட்டிகள் வந்து இறங்கும் முற்றத்தில் அவரை எல்லாரும் உச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கிரேன் கூண்டிலேயே குடியிருக்கிற மனுஷனுக்கு வேறு என்ன பேர் வைப்பது? காலையில் ஏணி ஏறினால் பதினொரு மணி டீக்கு ஒரு தடவை இறங்குவார், அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாடு மேலேயே. கீழே நின்றால் ஆளாளுக்கு வேலை சொல்வார்கள் என்பது அவர் வெளியே சொல்லும் காரணம். தன்னைத் தவிர வேறு யார் அந்தக் கைப்பிடியைப் பிடித்தாலும் பெட்டியை எவன் தலையிலாவது இறக்கிவிடுவான் என்பது மனசுக்குள் வைத்திருக்கும் காரணம்.

அந்தக் கூண்டுக்குத்தான் ஆபத்து வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனையில் கம்பெனி டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பார்த்தார். மறுபடியும் அடித்தார். பிரஷர் நூற்று அறுபத்து நாலு.

"மூணு மாசம் தர்றேன். மாத்திரையை ஒழுங்கா போடணும், உப்பைக் குறைக்கணும். நூத்தி நாப்பதுக்குக் கீழ வந்தா கூண்டு உங்களுக்கு. வரலேன்னா கேட்ல உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுங்க. அதுவும் நல்ல வேலைதான்."

"உங்க மிஷின் சரியா இருக்கா டாக்டர்?"

"போன வாரம்தான் புதுசா வந்துது."

"புதுசுன்னா எப்படி நம்புறது?" என்று கேட்டுவிட்டுச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார் உச்சி.

கேட் வேலை நல்ல வேலைதான், எழுத்து ஓடுகிறவனுக்கு. உச்சி படித்தது மூன்றாம் வகுப்பு. எழுதத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு எண்ணையும் கல்லில் கொத்துகிற மாதிரி எழுதுவார். பின்னால் இருபது லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். டிரைவர்கள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். நினைத்தாலே உடம்பு கூசியது. கூண்டு போனால் தனக்கு மானமும் போச்சு என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அன்று வீட்டுக்கு வந்தார்.

அவர் மனைவி தையற்காரி. முன்னறை முழுக்கத் துணியும் நூலும்தான். பல்லில் ஊசியைக் கடித்தபடியே புருஷன் சொன்னதைக் கேட்டாள். ஊசியை எடுத்துக் குத்தவேண்டிய இடத்தில் குத்தினாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

"மொத்தமாவா? குறைக்கத்தான் சொன்னாரு!"

"உங்களைப் பத்தி எனக்குத் தெரியும். டப்பா வீட்ல இருந்தா கையும் அதுக்குள்ளதான் இருக்கும்."

முதல் மாசம் அந்த வீட்டில் சாப்பாடு ஒரு தண்டனையாக இருந்தது. பருப்பைச் சுவரில் பூசியிருக்கலாம். முட்டை ரப்பர் மாதிரி. உருளைக்கிழங்கை வாயில் வைத்தால் அது எதற்கு வாய்க்குள் வந்தது என்று அதற்கே தெரியாது. அவளும் அதையேதான் தின்றாள். உனக்கு வேறே சமைத்துக்கொள்ளேன் என்று ஒரு நாள் இரக்கப்பட்டுச் சொன்னார். "ரெண்டு அடுப்பு வைக்க நான் என்ன ஹோட்டலா நடத்துறேன்?" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் இரக்கப்படுவதை விட்டுவிட்டார்.

ரவிக்கை தைக்க வந்த ஒரு வாத்தியாரம்மாதான் வழி சொன்னது. பச்சை இலையாகப் போடுங்கள், நிறையப் போடுங்கள், நாக்கு உப்பைத் தேடாது என்று. தையற்காரி கேட்டதை உடனே செய்கிற ரகம். சந்தையில் வாங்கிய புதினாவில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டுகளைத் தம்ளர் தண்ணீரில் நிறுத்திவைத்தாள். ஒரு வாரத்தில் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டது. பின்பக்கத்துப் பால்கனியில் பழைய பெயிண்ட் வாளிகள் நாலு, எண்ணெய் டின் மூன்று. உச்சி ஆணியைச் சுடவைத்து வாளிகளின் அடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். அது மட்டும்தான் தன் வேலை, மீதி உன் பாடு என்று சொல்லிவிட்டார். சந்தைப் புதினாவை எந்தச் சாக்கடைத் தண்ணீரில் கழுவினார்களோ என்று ஒரு சந்தேகம் இருந்ததால் இந்தத் திட்டத்தை அவர் எதிர்க்கவில்லை.

கொத்தமல்லி முதல் தடவை வரவே இல்லை. விதையை முழுசாகப் போட்டிருந்தாள். அடுத்த தடவை சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி, விதையை இரண்டாகப் பிளந்து, ஒரு ராத்திரி ஊறவைத்துத் தூவினாள். பத்தாம் நாள் முளை வந்தது. வெங்காயத்தாள் வளர்க்க வெங்காயத்தின் வேர்ப்பக்கத்தை நறுக்கி மண்ணில் அமுக்கினால் போதும். கற்பூரவல்லிக் கிளையை ஒடித்துச் செருகினாள். அது நீ பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நான் வளர்வேன் என்று வளர்ந்தது.

மீதி உன் பாடு என்றவர் காலையில் எழுந்ததும் முதலில் பால்கனிக்குத்தான் போனார். மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பார்.

"நேத்து தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

"எவ்வளவு?"

"அளந்து சொல்லணுமா? உங்க கிரேனை நான் வந்து பார்க்கிறேனா?"

இரண்டாம் மாசம் சாப்பாட்டுக்கு உயிர் வந்தது. கொத்தமல்லித் தண்டைப் பொடியாக நறுக்கி வெங்காயத்தோடு வதக்குவாள். இலையை அடுப்பை அணைத்த பிறகுதான் போடுவாள், கொதித்தால் வாசனை ஓடிப்போய்விடும் என்பாள். வேகவைத்த உருளைக்கிழங்கில் புதினாவும் எலுமிச்சைச் சாறும். முட்டையில் கை நிறைய வெங்காயத்தாள். மீனுக்குக் கற்பூரவல்லியை மிளகோடு அரைத்துப் பூசினாள். உப்பு இருந்த இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலி இடத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. உச்சி தட்டை வழித்துச் சாப்பிட்டார். இரண்டாம் மாசக் கடைசியில் கம்பெனி நர்ஸம்மா பார்த்தபோது நூற்று நாற்பத்தெட்டு.

"இறங்குது அண்ணே. இப்படியே போனா போதும்."

இப்படியே போயிருக்கும். அந்த நேரம் பார்த்துத் தையற்காரியின் அக்கா வீடு மாறினாள். சாமான் கட்ட மூன்று நாள் போகவேண்டும். கிளம்பும்போது பால்கனியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"கொத்தமல்லி பூ விடப் போகுது. நடுத்தண்டு நீளுது பாருங்க. பூ வந்துட்டா இலை நூலாட்டம் ஆயிடும், ருசியும் போயிடும். நான் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் வெட்டிப் பத்திரப்படுத்துங்க. புதினாவையும் சேர்த்து வெட்டிடுங்க. நறுக்கி ஃப்ரிட்ஜ்ல வச்சா போதும்."

உச்சிக்கு ஃப்ரிட்ஜ் மேல் நம்பிக்கை கிடையாது. கரண்ட் எப்போது போகும் என்று அந்தப் பெட்டிக்கே தெரியாது, அதை நம்பி இரண்டு மாச உழைப்பை உள்ளே வைப்பதா? அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வழி இருந்தது. முற்றத்துக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் மீனைக் காயவைத்துக் கருவாடு போடும் கொட்டகையில் வேலை பார்த்தவர். ஒரு வரிசை உப்பு, ஒரு வரிசை மீன், மேலே மறுபடி உப்பு. கரண்டும் வேண்டாம், கதவும் வேண்டாம். வருஷக்கணக்கில் கெடாமல் கிடக்கும். சமைக்கும்போது மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினால் உப்பு போய்விடும். மீனுக்குச் செல்லுபடியாகிறது இலைக்கு ஏன் செல்லுபடியாகாது?

கடைக்குப் போய் இரண்டு கிலோ கல்லுப்பு வாங்கினார். ஒளித்து மறைத்து ஒன்றும் செய்யவில்லை. மண்ணை ஒட்ட மல்லி, புதினா, வெங்காயத்தாள் எல்லாவற்றையும் அறுத்துக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போகவிட்டு, ஐந்து கண்ணாடி ஜாடியில் வரிசை வரிசையாக அடுக்கினார். திரும்பி வந்த மனைவி ஜாடிகளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது! எதை வீட்டைவிட்டுத் துரத்தினேனோ அதை நடுவீட்ல கொண்டாந்து வச்சிருக்கீங்க?"

"ஏடி, கருவாடு சமைக்கிறப்போ என்ன செய்வே?"

"ஊறவச்சுக் கழுவுவேன்."

"மூணு தண்ணி?"

"மூணு தண்ணி."

"அப்புறம் என்ன?"

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு பிடி இலையை எடுத்து மூன்று தடவை கழுவினாள். மூன்றாவது தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பே இல்லை. அதோடு சமாதானமாகிவிட்டாள். தண்ணீரை ருசி பார்த்தவள் இலையை எடுத்து ஒரு கடி கடித்துப் பார்க்கவில்லை. கெட்டிக்காரர்கள் செய்கிற தப்பு எப்போதும் இவ்வளவு பக்கத்தில்தான் இருக்கும்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் அந்த வீட்டில் ராஜபோகம்தான். பருப்பு தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனது. உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்க வைத்தது. தனக்குக் கைமணம் கூடிவிட்டது என்று தையற்காரி நம்பினாள். ஜாடியில் ஊறினால் இலைக்கே தனி ருசி வருகிறது என்று உச்சி நம்பினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள். அந்த வீட்டில் அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

தவணைக்கு இன்னும் இரண்டரை வாரம் இருக்கும்போது நர்ஸம்மா மறுபடி பட்டையைச் சுற்றினாள். நூற்று அறுபது. இன்னொரு கையிலும் பார்த்தாள். நூற்று அறுபத்திரண்டு.

உச்சி வீட்டுக்கு வந்து எண்ணைச் சொன்னார். தையற்காரி மிஷினை நிறுத்தினாள்.

"கேன்டீன்ல என்ன தின்னீங்க?"

"டீ."

"டீ குடிச்சா ஏறுமா? வடையா? சிப்ஸா? உண்மையைச் சொல்லுங்க."

"சத்தியமா டீ மட்டும்தாண்டி."

"நீங்க பொய் சொல்றப்போ இப்படித்தான் சத்தியம் பண்ணுவீங்க."

அதுவும் உண்மைதான். ஆனால் அன்று அவர் பொய் சொல்லவில்லை. வாழ்க்கையில் அபூர்வமாக ஒழுங்காக இருந்த நேரத்தில் திருட்டுப் பட்டம் கிடைத்தால் யாருக்கும் வயிறெரியும். அதோடு விட்டாளா? மறுநாள் பதினொரு மணிக்கு முற்றத்துக்கே வந்து நின்றாள். டீக்கு வந்த முப்பது பேருக்கு முன்னால் கேன்டீன்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஆளுக்கு என்னத்தைக் கொடுக்குறீங்க? வாயைக் கட்டி வச்சிருக்கேன், நீங்க அவுத்து விடுறீங்க!"

"அம்மா, அண்ணன் ரெண்டு மாசமா ஒரு பிஸ்கட்கூட வாங்கலம்மா," என்றார் கேன்டீன்காரர் கரண்டியோடு.

"சொல்லிக் கொடுத்து வச்சிருக்காரா?"

முப்பது பேரும் சிரித்தார்கள். உச்சி டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஏணி ஏறினார். அன்றைக்குத் தூக்கிய ஒவ்வொரு பெட்டியையும் தேவைக்கு மேலே மெதுவாக இறக்கினார். கோபத்தில் இருக்கும்போது அவர் அப்படித்தான். இரண்டு நாள் பேச்சில்லை. உப்பில்லாத வீட்டில் பேச்சும் இல்லை என்றால் அது வீடா, சரக்கு அடுக்கும் கிட்டங்கியா?

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். தையற்காரியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். நீங்க பெட்டியைத் தூக்குறீங்க, நான் ஆளைத் தூக்குறேன், ரெண்டு பேரும் ஒரே ஜாதி மாமா என்று எப்போது வந்தாலும் சொல்வார். உட்கார்ந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னடா அது?" என்றாள் அக்கா.

"உப்பு. போன தடவை உன் வீட்ல சாப்பிட்டுட்டு வழியில ஒரு கடையில நின்னு ஊறுகாய் நக்கிட்டுப் போனேன். இந்தத் தடவை தயாரா வந்திருக்கேன்."

உச்சி சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் பருப்பைப் பிசைந்தார், உருளைக்கிழங்கைத் தொட்டுக்கொண்டார், மீனை உரித்தார். இரண்டாம் தடவை சோறு வாங்கினார். மூன்றாம் தடவையும் வாங்கினார். பொட்டலம் மடித்தபடியே கிடந்தது.

தையற்காரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய். உப்பு போட்டுக்கலையா?"

"எதுக்கு? எல்லாம் கச்சிதமா இருக்கே." வாயில் சோற்றோடு சொன்னார். "அதானே பார்த்தேன், அக்கா மனசு இளகிட்டா, மாமாவுக்கு விடுதலைன்னு."

உச்சி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். மச்சான் மென்றதை விழுங்கிவிட்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

தையற்காரி எழுந்தாள். அலமாரியிலிருந்து ஜாடியை எடுத்தாள். இலையை அள்ளி ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர், மூன்று தண்ணீர் கழுவினாள். கழுவிய இலையை அப்படியே வாயில் போட்டு மென்றாள். முகம் கோணியது. இன்னொரு சிட்டிகையைப் புருஷன் வாய்க்கு நேரே நீட்டினாள். உச்சி வாயைத் திறந்தார்.

கடல் தண்ணீரைக் குடித்த மாதிரி இருந்தது. மீன் கனமான ஜந்து, உப்பை மேலே வாங்கி, ஊறவைத்தால் கொஞ்சம் விடும். இலை மெல்லிசு. உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, வெளியே கழுவினால் எனக்கென்ன என்று இருந்திருக்கிறது. இரண்டு வாரமாகக் கை நிறைய அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். பழைய டப்பா இருந்தபோதுகூட அவ்வளவு தின்றிருக்க மாட்டார்.

"கருவாடுன்னு சொன்னீங்களே," என்றாள் அவள்.

"நீயும்தான் நக்கிப் பார்த்தே."

"தண்ணியைத்தானே பார்த்தேன்."

மச்சானுக்கு விஷயம் புரிந்ததும் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அக்கா முதுகில் இரண்டு தட்டு பலமாகவே தட்டினாள். ஐந்து ஜாடியையும் அவர் தலையிலேயே கட்டினார்கள். எங்க வீட்ல எவனுக்கும் பிரஷர் இல்லை என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். கொஞ்சமா எடு, அளவா போடு என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள்.

பதினான்கு நாள்தான் பாக்கி. பால்கனியில் பார்த்தால் வாளி எல்லாம் மொட்டை. புதினாவில் மட்டும் கணுக்கணுவாகப் பச்சைப் பொட்டு வைத்த மாதிரி துளிர். கற்பூரவல்லி தப்பியிருந்தது, அதன் இலை தடிப்பு, ஜாடிக்கு ஆகாது என்று அவர் விட்டுவைத்திருந்தார். கொத்தமல்லி போனது போனதுதான். புது விதையை உடைத்து ஊறப்போட்டாள். மச்சான் லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற ஒரு கட்டடத்தில் காவலாளி மொட்டைமாடியில் கொத்தமல்லி போட்டிருந்தார். அங்கிருந்து ஒரு பை வந்தது. இந்தத் தடவை உச்சி வாயைத் திறக்கவில்லை. அவள் பொடியாக நறுக்கி ஐஸ் தட்டில் ஒவ்வொரு குழியிலும் அமுக்கி, மூழ்கத் தண்ணீர் விட்டு உறையவைத்தாள். உறைந்த கட்டிகளை ஒரு பையில் போட்டு, சமைக்கும்போது இரண்டு இரண்டாக எடுத்தாள். வெளியே எடுத்ததும் பச்சைக் கண்ணாடி மாதிரி மினுங்கியது. புதினாத் துளிரை மட்டும் கிள்ளி நிழலில் காகிதத்தின் மேல் உலர்த்தினாள்.

"கரண்ட் போச்சுன்னா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சும்மா கேட்டேன்," என்றார்.

சாப்பாடு மறுபடி மட்டமானது. உச்சி முணுமுணுக்கவில்லை. மாத்திரையை அவள் எடுத்துக் கொடுப்பதற்கு முன்னாலேயே விழுங்கினார். சாயந்தரம் பஸ்ஸிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வந்தார். அவள் ஒரு தரமும் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அந்த வார்த்தை அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லாதது. ஆனால் புதன்கிழமை பதினொரு மணிக்கு மறுபடியும் கேன்டீனுக்கு வந்து நின்றாள். முப்பது பேரும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கைக்குத் தயாரானார்கள்.

"அன்னிக்கு உங்களை ஏசிட்டேன்," என்று கேன்டீன்காரரிடம் சொன்னாள், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. "தப்பு எங்க வீட்டு ஜாடியில. இந்த ஆள் பொய் சொல்லலை."

"நான்தான் அப்பவே சொன்னேனேம்மா."

"சொன்னீங்க. நான்தான் கேட்கலை. ஒரு டீ கொடுங்க, குடிச்சுட்டுப் போறேன்."

உச்சி கூரையைப் பார்த்தார். யாரோ "அண்ணே, விடுதலை!" என்று கத்தினார்கள். அவர் ஏணியில் ஏறும்போது காது வரைக்கும் சிரிப்பு இருந்தது. மேலே போய்த்தான் சிரித்தார் என்று அவரே நினைத்துக்கொண்டிருக்கிறார். கீழே இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

தவணை நாள் வந்தது. டாக்டர் பட்டையைச் சுற்றினார். உச்சி கண்ணை மூடிக்கொண்டார். காற்று இறங்குகிற சத்தம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவருக்கு முன்னால் தெரியாது.

"நூத்தி முப்பத்தாறு. நல்லா இருக்கு. மாத்திரையை விட்டுடாதீங்க. மாசா மாசம் வந்து காட்டணும்."

"இன்னொரு தடவை பாருங்க."

"ஏன், மிஷின் மேல சந்தேகமா?"

"இல்ல டாக்டர். இந்தத் தடவை கண்ணைத் திறந்து பார்த்துக்கிறேன்."

நூற்று முப்பத்தெட்டு.

நேரே போய் ஏணி ஏறினார். மத்தியானம் வரைக்கும் நாற்பத்தோரு பெட்டி இறக்கினார். ஒன்றுகூடத் தரையில் 'டொக்' என்று உட்காரவில்லை. பன்னிரண்டரைக்கு டிபன்பாக்ஸைத் திறந்தார். சோறு, பருப்பு, புதினாத் துளிர் தூவிய உருளைக்கிழங்கு. ஒரு வாய் வைத்திருப்பார், போன் அடித்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"முப்பத்தாறு. அப்புறம் முப்பத்தெட்டு."

அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் நின்றது. மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம், அல்லது துணியைக் கிழிக்கிற சத்தமாகவும் இருக்கலாம்.

"சாப்டீங்களா?"

"சாப்பிட்டுட்டுதான் இருக்கேன்."

"எப்படி இருக்கு?"

உச்சி இன்னொரு வாய் எடுத்து நிதானமாக மென்றார். புதினா முதலில் வந்தது, பின்னாலேயே எலுமிச்சை, அதற்கப்புறம் வெறும் கிழங்கு.

"கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கு."

"அப்ப சரி," என்றாள் அவள். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.